ராத்திரி ரெண்டு மணி, 31 பெட், ஒரே சிஸ்டர்

வாசகர் கேள்வி, மே 12, 2025

அம்மாவ போன வாரம் ஒரு ஆஸ்பத்திரில சேத்திருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டிரிப்ஸ் முடிஞ்சு ட்யூப்ல ரத்தம் ஏற ஆரம்பிச்சிடுச்சு. பெல் அடிச்சேன், வராண்டாவுல போய் நின்னு கூப்பிட்டேன், சிஸ்டர் வர 25 நிமிஷம் ஆச்சு. வந்தும் ஒரு வார்த்தை பேசல, மூஞ்சிய காமிச்சிட்டு போயிட்டாங்க. இன்னிக்கு எங்க பாத்தாலும் நர்ஸ் டே வாழ்த்து, கேக். அந்தக் காலத்து நர்சம்மாங்களுக்கு இருந்த சேவை மனப்பான்மை இப்ப யாருக்காவது இருக்கா? சம்பளம், ஸ்ட்ரைக், வெளிநாடு, இதத் தவிர ஏதாவது பேசுறாங்களா?

மே 12, இரவு 10.20

அண்ணா, நான் 16 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். 25 நிமிஷம் தப்புதான். ரத்தம் ஏறி உறைஞ்சிடுச்சுன்னா வென்ஃப்ளான் (டிரிப்ஸுக்காக கைல குத்தி வச்சிருக்கற சின்ன குழாய்) அடைச்சுக்கும், அம்மாவுக்கு மறுபடியும் குத்தணும், வயசானவங்களுக்கு வெயின் கிடைக்கறதே பெரும்பாடு. அதுக்கு நான் சாக்கு சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அன்னிக்கு அந்த வார்டுல எத்தனை பெட், எத்தனை சிஸ்டர்?

மே 13, காலை 9.05

டூட்டி முடிச்சு இப்பதான் வந்தேன், நீங்க பதில் போட்டிருக்கீங்க. 31 பெட், ஒரு சிஸ்டர், கூட ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு.

கணக்கு போடுவோம். தனியார்ல நைட் டூட்டி பெரும்பாலும் எட்டுல இருந்து எட்டு, 12 மணி நேரம். 720 நிமிஷம். அத 31ஆல வகுத்தா ஒரு ஆளுக்கு 23 நிமிஷம், அதுவும் ராத்திரி பூராவுக்கும் சேத்து. அந்த 23 நிமிஷத்துக்குள்ளதான் பத்து மணி ஊசி, ரெண்டு மணி ஊசி, ஆறு மணி ஊசி, பிபி, சுகர், டெம்பரேச்சர், யூரின் பேக் அளந்து எழுதுறது, டிரிப்ஸ் மாத்துறது, புது அட்மிஷன் வந்தா கேஸ் ஷீட், டாக்டருக்கு போன், காலைல லேபுக்கு ரத்தம் எடுக்கறது, எல்லாம். சாப்பாடு, பாத்ரூம் நான் சேக்கவே இல்ல. உங்க அம்மா காத்திருந்த நேரம் அந்த சிஸ்டர் உங்க அம்மாவுக்குன்னு ஒரு ராத்திரி முழுக்க குடுக்க முடிஞ்ச நேரத்த விட ரெண்டு நிமிஷம் அதிகம்.

நர்சிங் கவுன்சில் விதிப்படி ஆறு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கணும். 31க்கு அஞ்சு பேர்.

மே 13, மதியம் 2.40

தூங்கி எந்திரிச்சதும் மண்டைல உறைச்சுது. 1:6 நர்சிங் கவுன்சில் சொன்னது இல்ல, மத்திய அரசுல எந்த வேலைக்கு எத்தன ஆள் வேணும்னு பாக்கற எஸ்ஐயூ (ஸ்டாஃப் இன்ஸ்பெக்‌ஷன் யூனிட்) போட்ட ஜெனரல் வார்டு கணக்கு அது. இந்திய நர்சிங் கவுன்சில் சொல்றது இன்னும் கம்மி, சாதாரண ஆஸ்பத்திரில 1:5, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா 1:3, லீவுல போறவங்களுக்காக 30 சதவீதம் கூடுதலா ஆள் வேற வச்சிருக்கணும். அப்ப 31 பெட்டுக்கு ஆறு பேர் கிட்ட வருது.

16 வருஷம் வேல பாத்த எனக்கே இந்த நம்பர் குழம்புது பாருங்க. ஒரு வார்டு சுவத்துலயும் எழுதி வச்சு நான் பாத்ததில்ல. கை கழுவுறது எப்படின்னு ஏழு படம் போட்டு ஒட்டியிருக்கு.

மே 14, காலை 7.50

"அந்தக் காலத்து நர்சம்மா"ன்னு சொன்னீங்கள்ல, அது ராத்திரி எல்லாம் உள்ள சுத்திட்டே இருந்துச்சு. எங்க அம்மா வில்லேஜ் ஹெல்த் நர்ஸ். ஊர்ல பேரே நர்சம்மாதான், அம்மா சொந்தப் பேர ரேஷன் கார்டுல மட்டும்தான் பாக்கலாம். தடுப்பூசி பெட்டிய மடில வச்சுகிட்டு டவுன் பஸ்ல வருவாங்க, பெட்டிக்கு வெயில் படக்கூடாதுன்னு முந்தானைய மேல போட்டு. கண்டக்டர் அவங்களுக்காக ரெண்டு நிமிஷம் பஸ்ஸ நிறுத்துவார்.

சமவெளில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்ங்கறது கணக்கு. பக்கத்து சென்டர்ல போஸ்ட் காலி, அதனால அம்மா நாலு வருஷம் ரெண்டையும் பாத்தாங்க. ஒரு சம்பளம்தான். ராத்திரி கதவ தட்டுவாங்க, அம்மா டார்ச்ச எடுத்துட்டு போவாங்க, நானும் தம்பியும் பாயில முழிச்சுட்டு கெடப்போம். ஊரே சாமி மாதிரி கும்பிட்டுச்சு, உண்மைதான். அந்த காலி போஸ்ட்ட நிரப்பச் சொல்லி ஊர்ல ஒருத்தர் கூட ஒரு மனு எழுதல, அதுவும் உண்மைதான்.

அம்மாவுக்கு இப்ப 68 வயசு. ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிகிட்டு நீலமா நிக்குது. சேவைன்னு நீங்க சொல்றப்ப எனக்கு அந்தக் கால்தான் தெரியுது அண்ணா.

தமிழ்நாட்டுல ஆரம்ப சுகாதார நிலையத்துல 24 மணி நேரமும் பிரசவம் பாக்க முடிஞ்சது எப்படி? ஒவ்வொண்ணுலயும் மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டாங்க, எட்டு எட்டு மணி நேரம், மாறி மாறி. ராத்திரி எத்தன மணிக்கு போனாலும் ஒரு ஆள் முழிச்சிருக்கும். பிரசவ வலி வந்தா டவுனுக்கு கார் பிடிக்க காசு இல்லாத பொண்ணுங்களுக்குத்தான் அதுல பலன் அதிகம். நர்ஸுங்களோட மனசு திடீர்னு பெருசாகல, மூணு போஸ்ட் வந்துச்சு.

மே 15, இரவு 7.10 (டூட்டிக்கு முன்னாடி)

"இவ்வளவு தெரிஞ்சும் நீங்க என்ன பண்ணீங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. பண்ணதச் சொல்றேன்.

2019. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மெடிக்கல் வார்டு, 30 பெட். நைட்டுக்கு ஒரு ஸ்டாஃப், ஒரு ட்ரெய்னி. ஜூன் மாசம் ஒரு ராத்திரி ஆறாம் பெட்ல ஒரு தாத்தாவுக்கு மூச்சுத் திணறல், நான் அவரோட இருக்கேன், அதே நேரம் 22ஆம் பெட்ல ஒரு அம்மா தானா எந்திரிச்சு பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. மறுநாள் எனக்கு மெமோ. "கவனக்குறைவு." நான் எழுதிக் குடுத்த விளக்கத்துல எத்தன பேஷண்ட் இருந்தாங்கன்னு எழுதியிருந்தேன், அத யாரும் படிச்ச மாதிரி தெரியல.

அழுதேன். அப்புறம் கடைல ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். நாங்க ஏழு பேர் அந்த வார்டுல நைட் பாக்கறவங்க. ஜூலை ஒண்ணுல இருந்து யார் நைட்டோ அவங்க எழுதணும்: தேதி, எத்தன பேஷண்ட், எத்தன ஸ்டாஃப், லேட்டான ஊசி எத்தன, விழுந்தவங்க, பெல் அடிச்சு பத்து நிமிஷத்துக்குள்ள போக முடியாதது எத்தன தடவ. கமெண்ட், புலம்பல் ஒண்ணும் கூடாது, வெறும் நம்பர்தான்னு முடிவு பண்ணோம். ஒரு பொண்ணு மட்டும் கடைசியா "தண்ணி குடிச்சது எத்தன மணிக்கு"ன்னு ஒரு கட்டம் போட்டு சேத்தா. அதுல பாதி நாள் வெறும் கோடுதான் இருந்துச்சு.

செப்டம்பர் முடிய 92 நைட். 57 நைட்ல 25 பேருக்கு மேல, ஸ்டாஃப் ஒரு ஆள். லேட்டான ஊசி எண்ணிக்கை எல்லாம் அந்த நைட்டுகள்லதான் குவிஞ்சிருந்துச்சு. 20 பேருக்கு கீழ இருந்த நைட்ல ஒருத்தர் கூட விழல.

நர்சிங் சூப்பிரண்டண்ட் மேடம்கிட்ட கொண்டு போனோம். "யார் இத எழுதச் சொன்னது"ன்னு மொதல்ல கத்துனாங்க. கவர்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆகி வந்தவங்க. உக்காந்து பக்கம் பக்கமா திருப்புனாங்க. அந்த கடைசிக் கட்டத்துல கை நின்னுச்சு. நோட்ட அவங்களே மீட்டிங்குக்கு எடுத்துட்டு போனாங்க, அடுத்த மாசம் நைட்டுக்கு இன்னொரு ஸ்டாஃப் வந்துச்சு.

கிளம்பறேன், மீதி நாளைக்கு.

மே 16, காலை 8.55

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்னா கைல விளக்குன்னே எல்லாரும் பேசுறோம். அந்தம்மா செஞ்ச பெரிய வேல எண்ணிக் கணக்கு போட்டது. கிரிமியன் போர்ல சிப்பாய்ங்க காயத்துல செத்தத விட தடுத்திருக்கக்கூடிய நோய்லதான் அதிகம் செத்தாங்கன்னு 1858ல படமா வரைஞ்சு காமிச்சாங்க. அழுது கேட்டிருந்தா அரசாங்கம் ஒரு கைக்குட்டை குடுத்திருக்கும்.

எங்க நோட்ட நான் அத நெனச்சு ஒண்ணும் ஆரம்பிக்கல. மெமோ வாங்குன கோவம்தான்.

மே 17, மதியம் 3.15

"நர்ஸ் கம்மியா இருந்தா நோயாளி சாவாங்கன்னு சொல்றது மிகைப்படுத்தல்"னு ஒருத்தர். 2002ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல 168 ஆஸ்பத்திரிகள எடுத்து லிண்டா ஏய்கன் குழு ஆய்வு பண்ணுச்சு, அவங்களும் நர்ஸ்தான். ஆபரேஷன் ஆன பேஷண்டுங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு ஆள் கூடினா, 30 நாளுக்குள்ள அந்த பேஷண்ட் சாகுற வாய்ப்பு 7 சதவீதம் ஏறுது. அந்த நர்ஸ் வேலையில வெந்து வெறுத்துப் போற வாய்ப்பு 23 சதவீதம் ஏறுது. ரெண்டையும் சேத்துப் பாருங்க. பேஷண்ட் நல்லாருக்கறதும் சிஸ்டர் நல்லாருக்கறதும் வேற வேற பிரச்சனைன்னு நெனச்சுதான் வேற வேற மீட்டிங் போடுறாங்க.

கலிபோர்னியாவுல நர்ஸ் சங்கம் போராடி 1999லயே இதுக்கு சட்டம் வாங்குச்சு, 2004ல அமலுக்கு வந்துச்சு. ஜெனரல் வார்டுல 1:6, அடுத்த வருஷம் 1:5 ஆகணும். அத தள்ளிப்போட பாத்த கவர்னர் யாருன்னு நெனக்கறீங்க, நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் வரைக்கும் தெரிஞ்ச அர்னால்டு! அவர் போற எடமெல்லாம் நர்ஸுங்க போய் நின்னாங்க. கோர்ட்டும் தள்ளிப்போடக் கூடாதுன்னுச்சு. 2005ல 1:5 வந்துடுச்சு. அவ்வளவு பெரிய உடம்பு, ஸ்டெதாஸ்கோப் மாட்டுன அக்காங்ககிட்ட தோத்துச்சு. இத எங்க ட்ரெய்னி பொண்ணுங்ககிட்ட சொன்னா அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்துல கேரளாவுக்கு வாங்க. 2016 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தனியார் நர்ஸ் சம்பளத்தப் பாக்க கமிட்டி போடச் சொல்லுச்சு. 50 பெட்டுக்கு கீழ இருக்கற சின்ன ஆஸ்பத்திரில கூட 20,000 ரூபாய்க்கு கொறையக் கூடாது, 200 பெட்டுக்கு மேலன்னா கவர்மெண்ட் சம்பளத்துக்கு சமமா இருக்கணும்னு கமிட்டி சொல்லுச்சு. பேப்பர்ல இருந்தத அங்க நர்ஸுங்க விடாம இழுத்தாங்க. 2018 ஏப்ரல்ல சேர்த்தலைல இருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போறோம்னு அறிவிச்சாங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே 20,000 அடிப்படைன்னு அரசாணை வந்துச்சு. நடக்கவே வேண்டியிருக்கல.

மே 17, மதியம் 3.50

நம்ம ஊர்? 2015ல எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா ஆயிரக்கணக்குல நர்ஸ் எடுத்தப்ப மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பி சேந்தவங்க. 2017 நவம்பர்ல சென்னை தேனாம்பேட்டைல டிஎம்எஸ் (அரசு மருத்துவத் துறை ஆபீஸ்) வளாகத்துல உக்காந்து போராடுனாங்க. அப்புறம் 14,000 ஆச்சு, 18,000 ஆச்சு. அதுக்கு முன்னாடி, தேர்வு எழுதி ஜெயிச்சு வந்த ஒரு நர்ஸ் 7,700 ரூபாய்ல குடும்பம் நடத்துனாங்க அண்ணா. அவங்க ஸ்ட்ரைக் பண்ணப்பதான் உங்களுக்கு "சம்பளம் மட்டும் பேசுறாங்க"ன்னு கேட்டிருக்கும்.

மே 18, காலை 9.30

வெளிநாடு பத்தி. நீங்க கேட்ட அதே மே 12 அன்னிக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் புது ரிப்போர்ட் விட்டுச்சு. உலகத்துல 2.98 கோடி நர்ஸ் இருக்காங்க, இன்னும் 58 லட்சம் பேர் கொறையுது. ஏழுல ஒரு நர்ஸ் வேற நாட்டுல பொறந்தவங்க, பணக்கார நாட்டுல 23 சதவீதம். ஆள் கொறச்சலா இருக்கற ஊர்ல இருந்துதான் அங்க போகுது. அது நியாயமில்லன்னு எனக்கும் தெரியும்.

என் கூட படிச்சவ இங்கிலாந்துல இருக்கா. போன்ல "இன்னிக்கு ஒம்போது பேஷண்ட்டுடி, செத்துட்டேன்"னா. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அவளுக்கு கோவம் வந்துடுச்சு. அப்புறம் சொன்னா, அங்க பகல் டூட்டில எட்டுக்கு மேல போனா ஆபத்து கூடும்னு 2014லயே வழிகாட்டுதல் இருக்காம். அவ கோவம்தான் சரி. நான் சிரிச்சது இத்தன வருஷம் 30 பேர பாத்துப் பாத்து மரத்துப் போனதால.

மே 20, இரவு 11.30

15ஆம் தேதி எழுதுனதுல ஒரு விஷயத்த விட்டுட்டேன். மறந்து விடல, சொல்ல கஷ்டமா இருந்துச்சு.

எங்க நோட்டப் பாத்து எங்களுக்கு வந்த அந்த இன்னொரு ஸ்டாஃப், புது ஆள் இல்ல. மூணாவது மாடி போஸ்ட் நேட்டல் வார்டுல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. பிரசவமான பொண்ணுங்க, பச்சப்புள்ளைங்க, அங்க ரெண்டா இருந்தது ஒண்ணாச்சு. எனக்கு பத்து நாள் கழிச்சுதான் தெரியும். அந்த வார்டு சிஸ்டர் என்னோட ஒரே ஹாஸ்டல்ல இருந்தவங்க, மெஸ்ல என்னப் பாத்ததும் தட்ட எடுத்துட்டு வேற டேபிளுக்கு போயிட்டாங்க.

நாங்க ஜெயிச்சோம்னு ஸ்வீட் வாங்கிக் குடுத்திருந்தோம். அந்த ஸ்வீட் அவங்க வார்டுக்கும் போயிருந்துச்சு.

அப்புறம் நான் மேல போய் அவங்ககிட்ட பேசினேன். ரெண்டு நாள் பேசல, மூணாம் நாள் "நோட்டு ஒண்ணு குடு"ன்னாங்க. டிசம்பர்ல இருந்து ஆறு வார்டுல எழுதுனோம். எல்லா வார்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரு எடத்துல புடுங்கி இன்னொரு எடத்துல வைக்க முடியாது, புடுங்குனது தெரிஞ்சிடும். 2020 பிப்ரவரில நைட்டுக்கு புதுசா மூணு பேர் எடுத்தாங்க. அடுத்த மாசம் கோவிட், எல்லாம் தலைகீழ். அந்த மூணு பேர் மட்டும் போகல.

மே 23, மாலை 5.45

ஒரு தங்கச்சி எழுதியிருக்கு: "எங்கம்மா வார்டு ஆயா. உங்க நோட்டுல ஆயாவுக்கு கட்டம் இருந்துச்சா அக்கா?"

இல்லம்மா.

ரெண்டு நாளா இதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு யோசிச்சேன். 30 பெட்டுக்கு நைட்ல ஒரு ஆயாம்மா, அதுவும் இன்னொரு மாடிக்கும் சேத்து. பெட்பேன் வைக்கறது, டயபர் மாத்தறது, வாந்தி தொடைக்கறது, பாடிய கட்டி மார்ச்சுவரிக்கு தள்ளிட்டு போறது. எங்களுக்காவது ஆஸ்பத்திரி சம்பளம், அவங்க காண்ட்ராக்ட் ஆளு. லீவு போட்டா அன்னிக்கு கூலி இல்ல. 22ஆம் பெட் அம்மா விழுந்த அந்த ராத்திரி, ஆயாம்மா மூணாவது மாடில இருந்தாங்க, ஏன்னா ரெண்டு மாடிக்கு ஒரே ஆயாம்மா. காலைல நான் அவங்களத்தான் கத்துனேன். எனக்கு மேல இருந்து வந்தத நான் அப்படியே கீழ தள்ளி விட்டேன். எனக்கு மெமோ வந்துச்சு, அவங்கள அந்த காண்ட்ராக்ட்காரர் ஒரு வாரம் வர வேண்டாம்னுட்டார். அத நான் யார்கிட்டயும் போய் கேக்கல.

இப்ப இருக்கற எடத்துல கட்டம் இருக்கு. போட்டது உங்கம்மா மாதிரி ஒரு ஆயாம்மாவே, எழுதப் படிக்கத் தெரியாது, புள்ளி வைப்பாங்க. கூப்பிட்டு போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. போன மாசம் ஒரு நைட்டுல 64 புள்ளி.

மே 24, காலை 10.00

பிரதர்ஸ் பத்தி கேட்டவருக்கு: ஆமா, ஆம்பள நர்ஸும் இதே கஷ்டம்தான், பேஷண்ட் தூக்கறதுன்னா எல்லா வார்டுல இருந்தும் அவங்களத்தான் கூப்பிடுவோம், முப்பது வயசுல முதுகு போயிடுது. தனியா எழுத வேண்டிய விஷயம்.

மே 29, இரவு 12.10

"மூஞ்சிய காமிச்சிட்டு போயிட்டாங்க"ன்னு மொதல்ல சொன்னீங்கள்ல அண்ணா. அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல.

நேத்து எங்க வார்டுல ஒரு சின்ன வயசுப் பையன், டெங்கு, போயிட்டான். பாத்துகிட்டது எங்க சின்ன ஸ்டாஃப், 23 வயசுப் பொண்ணு. முன்னெல்லாம் என்ன நடக்கும்னா, வென்ஃப்ளான உருவி, முகத்தத் தொடச்சு, கண்ண மூடி, அவங்க அம்மா கத்தறதக் கேட்டுகிட்டே கேஸ் ஷீட்ல டைம் எழுதணும், எழுதிட்டு இருக்கப்பவே அடுத்த பெட்ல "சிஸ்டர், ஃபேன் ஓடல"ம்பாங்க. போய் சிரிச்சுகிட்டே ஃபேன் போடணும். எனக்கு முடிஞ்சதில்ல. யாரோ ஒருத்தருக்கு நான் மூஞ்சிய காமிச்சிருப்பேன், அவங்க வீட்ல போய் உங்கள மாதிரியே சொல்லியிருப்பாங்க. அவங்களுக்கு ஃபேன் ஓடாததும் நெசம்தான்.

இப்ப எங்க வார்டுல ஒரு பழக்கம் வச்சிருக்கோம். பேஷண்ட் இறந்தா பாத்துகிட்ட ஸ்டாஃப் பத்து நிமிஷம் ஸ்டோர் ரூம்ல போய் உக்காரணும். கதவ சாத்திக்கலாம். டீ போகும். அந்த பத்து நிமிஷம் அவங்க பெட்ட இன்னொருத்தர் பாப்பாங்க. இதுக்கு எந்த சர்க்குலரும் இல்ல, நாங்களே பேசி வச்சது. இன்னொருத்தர் இருந்தாத்தான் இதுவும் நடக்கும்.

நேத்து அந்தப் பொண்ணு பத்து நிமிஷத்துல வரல. இருவது ஆச்சு. யாரும் கூப்பிடல. வந்து முகம் கழுவிட்டு நேரா அந்தப் பையனோட அம்மாகிட்ட போய் தரையில பக்கத்துல உக்காந்துச்சு.

ஜூன் 4, மாலை 6.20

அண்ணா நீங்க எழுதுனத இப்பதான் பாத்தேன். செக்கப்புக்கு போனப்ப கருத்துப் படிவத்துல "நைட் சிஸ்டர் வர லேட்"னு எழுதாம "31 பேருக்கு ராத்திரி ஒரே நர்ஸ் ஏன்?"னு எழுதி, கீழ போன் நம்பரும் போட்டு குடுத்தேன்னு. மேனேஜர் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார்னு. ஒண்ணும் நடக்கல, ஆனா வாயடைச்சு உக்காந்திருந்தார்னு.

நாங்க கேட்டா மெமோ, நீங்க கேட்டா காபி குடுத்து உக்கார வைக்கறாங்க. அதனால கேளுங்க. அட்மிஷன் போடுறப்ப ரூமுக்கு ஏசி இருக்கா, டிவி இருக்கான்னு கேக்கற எடத்துல, நைட்ல எத்தன சிஸ்டர்னு இதயும் சேத்து கேளுங்க.

அந்த சிஸ்டர மறுபடி பாத்தீங்களாம், அம்மா அவங்க கையப் புடிச்சு பேர் கேட்டாங்களாம். அவங்க பேர நீங்க இங்க எழுதாம விட்டதுக்கு ரொம்ப நன்றி.

எனக்கு எட்டு மணி டூட்டி. மதியமே போன் போட்டு கேட்டுட்டேன், 26 பெட் ஃபுல்லு, நாங்க ரெண்டு பேரு, ஆயாம்மா ஒருத்தங்க. அம்மாவுக்கு டிரிப்ஸ் போட்ட கை இன்னும் வீங்கியிருந்தா தேய்க்காதீங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவ காமிச்சிடுங்க. சிவந்து சூடா இருந்தா உடனே கொண்டு போய் காமிங்க.